ஹோம் தியேட்டர் ரிசீவரும் ஒரு மண்டிதான்

நம் ஆலங்குளம் வட்டாரத்தில் தீபாவளி வியாபாரம் நல்லபடியாக முடிந்து கையில் நாலு காசு மிஞ்சினால், வீட்டுக்கு ஒரு சாமான் வாங்குவது வழக்கம். முன்பு அது டேப் ரிக்கார்டர், பின்பு டி.வி., டி.வி.டி. பிளேயர். இப்போது வணிகர் வீடுகள் பலவற்றில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப் ஊஃபரும் கொண்ட ஹோம் தியேட்டர் வந்திருக்கிறது. வாங்குவதில் நமக்குச் சிரமம் இல்லை. பேரம் பேசத் தெரிந்தவர்கள். பெட்டியைப் பிரித்து, ரிசீவரின் பின்பக்கத்தில் வரிசை வரிசையாக இருக்கும் துளைகளைப் பார்த்ததும்தான் திகைத்துப் போகிறோம். மாட்டிக் கொடுக்க சிவகாசியிலிருந்தோ ராஜபாளையத்திலிருந்தோ ஆள் வர வேண்டும். அவர் போன ஒரு வாரத்தில் பிள்ளைகள் ஒரு வயரைப் பிடுங்கிவிட்டால் மறுபடியும் அவருக்கே போன். ஆயிரக்கணக்கில் முதல் போட்ட சரக்கு இப்படி முடங்கிக் கிடக்கலாமா?

உண்மையில் ரிசீவர் என்பது நமக்கு நன்கு பழக்கமான மண்டிதான். பல ஊர்களிலிருந்து சரக்கு மண்டிக்கு வருகிறது. அங்கிருந்து தரம் பிரிந்து கடைகளுக்குப் போகிறது. அதுபோல செட்டாப் பாக்ஸ், டி.வி.டி. பிளேயர், பழைய டேப் ரிக்கார்டர் எல்லாம் ரிசீவருக்குச் சரக்கு அனுப்புகின்றன. அது படத்தை டி.வி.க்கும் சத்தத்தை ஸ்பீக்கருக்கும் அனுப்புகிறது. வரவு ‘இன்’, பற்று ‘அவுட்’. கருவியின் ‘அவுட்’ துளையிலிருந்து கிளம்பும் வயர் ரிசீவரின் ‘இன்’ துளையில்தான் முடிய வேண்டும். இந்த ஒரு விதியை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

வரவுப் பக்கம்

வயர்களில் பழைய ரகம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று முனை கொண்டது. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்கச் சத்தத்துக்கு, சிவப்பு வலப்பக்கச் சத்தத்துக்கு. சாதாரண ரக செட்டாப் பாக்ஸ்களில் இன்றும் இதைப் பார்க்கலாம். இதில் இரண்டு பக்கச் சத்தம் மட்டுமே போகும். ஐந்து ஸ்பீக்கர் இருந்தும் தியேட்டர் சத்தம் கேட்கவில்லை என்று ரிசீவரைக் குறை சொல்பவர்கள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. மஞ்சள் வயரில் ரிசீவருக்கு வந்த படம், எல்லா ரிசீவரிலும் எச்.டி.எம்.ஐ. வழியாக டி.வி.க்குப் போய்விடாது. அந்த வசதி இல்லாத ரிசீவரானால் டி.வி.க்கும் தனியாக ஒரு மஞ்சள் வயர் இழுக்க வேண்டும்.

2002-ஆம் ஆண்டு வந்த எச்.டி.எம்.ஐ. வயரில் படமும் சத்தமும் ஒன்றாகவே போகும். செட்டாப் பாக்ஸில் இந்தத் துளை இருந்தால் இதையே பயன்படுத்துவது நல்லது.

வீட்டில் பழைய டேப் ரிக்கார்டரும் கேசட்டுகளும் இருந்தால் காயலான் கடைக்குப் போட வேண்டாம். அதன் ‘லைன் அவுட்’ துளையிலிருந்து ரிசீவரின் ‘ஆக்ஸ்’ துளைக்குச் சிவப்பு, வெள்ளை வயர் போட்டால் போதும். ஸ்பீக்கருக்குப் போகும் வயரை மட்டும் எடுத்து ‘இன்’ துளையில் சொருகிவிடக் கூடாது. ரிசீவர் கெட்டுப் போகும்.

திரும்பி வரும் சரக்கு

இப்போது டி.வி.யிலேயே இன்டர்நெட் மூலம் படம் பார்க்கிறார்கள். அந்தச் சத்தம் டி.வி.யிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும். இதற்காக 2009-ல் எச்.டி.எம்.ஐ.யில் ‘ஏ.ஆர்.சி.’ என்ற வசதி சேர்க்கப்பட்டது. டி.வி.யில் மூன்று துளை இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றில்தான் அந்த எழுத்து இருக்கும். அதிலிருந்து ரிசீவரின் ‘எச்.டி.எம்.ஐ. அவுட்’ துளைக்கு வயர் போட்டு, இரண்டின் மெனுவிலும் அந்த வசதியை ‘ஆன்’ செய்ய வேண்டும்.

ஏ.ஆர்.சி. இல்லாத டி.வி.யானால் ஆப்டிகல் வயர் போடலாம். அதில் வெளிச்சமாகவே சத்தம் போகிறது, மின்சாரம் போவதில்லை. கேபிள் டி.வி. வயரின் எர்த் கோளாறால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் கேட்கும் வீடுகளில், ஆப்டிகலுக்கு மாற்றியதும் அது நின்றுவிடுவதுண்டு.

பற்றுப் பக்கம்

ஸ்பீக்கர் வயரில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டாலும் சத்தம் கேட்கும். ஆனால் கனம் இருக்காது. வயரின் பிரிந்த இழைகள் பக்கத்து முனையைத் தொடாதபடி முறுக்கி மாட்ட வேண்டும். தொட்டால் ரிசீவர் புகைந்துவிடலாம்.

கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் வீட்டு ஸ்பீக்கர் முனையிலேயே கடைக்கும் ஒரு ஸ்பீக்கரை இழுத்துவிடுகிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கம் பக்கமாக ஒரே முனையில் மாட்டினால் பாரம் 4 ஓம் ஆகிவிடும். ரிசீவரின் பின்னால் ‘6 முதல் 16 ஓம்’ என்று அச்சிட்டிருந்தால் அது தாங்காது. ஐம்பது மூட்டை ஏற்றும் வண்டியில் நூறு மூட்டை ஏற்றுவது போலத்தான் இது.

விலையில் ஏமாற வேண்டாம்

நம் கடைவீதியில் ஒருவர் தலையில், படம் பளிச்சென்று தெரியும் என்று சொல்லி, இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு எச்.டி.எம்.ஐ. வயரைக் கட்டிவிட்டார்கள். இந்த வயரில் போவது டிஜிட்டல் கணக்கு. ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்குத் தரமான சாதாரண வயரே போதும். தங்க முலாம் பூசியதால் படம் கூடுதல் அழகாகிவிடாது. 4கே டி.வி.யானால் அதற்கு ஏற்ற ரகம்தானா என்று உறையைப் பார்த்து வாங்கினால் சரி.

உயிருக்கும் முதலுக்கும் பாதுகாப்பு

எந்த வயரை மாட்டினாலும், கழற்றினாலும் முதலில் சுவிட்சை அணைத்து பிளக்கையும் உருவிவிட வேண்டும். மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை உடைத்துவிட்டுச் சொருகும் பழக்கம் கூடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கோடு கேபிள் வயரையும் கழற்றி வைக்க வேண்டும். ரிசீவரின் மேல் துணி விரித்துப் பொம்மை வைப்பதும் தவறு. அதன் சூடு வெளியேற இடம் வேண்டும்.

நம் வட்டாரத்துக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. தற்காலிகப் பட்டாசுக் கடைகளில் மின்விளக்கு சுவரிலோ கூரையிலோ பொருத்தியிருக்க வேண்டும், வயரில் தொங்கக் கூடாது, சுவிட்ச் சுவரில் உறுதியாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வரிசைக்கும் மாஸ்டர் சுவிட்ச் வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் கூறுகின்றன. விளக்குக்கே இவ்வளவு கண்டிப்பு என்றால், பாட்டுப் போடுவதற்காகத் தரையில் வயர் இழுத்து ஆம்ப்ளிபயரைப் பட்டாசு அருகில் வைக்கலாமா? ஒரு பொறி போதும். அந்த விபரீதத்தை நம் வட்டாரத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. கிட்டங்கியில் மூட்டைக்கு மார்க் போடாமல் நாம் அடுக்குவதில்லை. அதுபோல ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் சின்னக் காகிதம் ஒட்டி, எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி வையுங்கள். செல்போனில் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த வயர் கழன்றாலும் ஆளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ள பெண்களும் பிள்ளைகளுமே பிளக்கை உருவிவிட்டுச் சரியாக மாட்டிவிடுவார்கள்.