நம் பணத்தில் ஒரு புதிய கேம்ஸ் ஹெட்செட்

சென்ற தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகன், சாப்பிட்டு முடித்த கையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, உங்க கிரெடிட் கார்டு நம்பர் கொஞ்சம் வேணும். காசு நான் கையில தந்துடறேன்" என்றான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, சென்ற ஆண்டுதான் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். மீதம் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் இப்போது ஒரே இடத்தில் போட வேண்டுமாம். என்னவென்று பார்த்தால், கேம்ஸ் விளையாட தலையில் மாட்டிக் கொள்ளும் ஒரு விர்ச்சுவல் ரியாலிட்டி ஹெட்செட். விலை 399 டாலர். நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். ஆனால் அந்த ஹெட்செட் இன்னும் தயாராகவே இல்லை. தயாரிப்பதற்கான பணத்தைத்தான் இப்போது திரட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலருக்கும் இப்படி ஒரு ஆசை வரும். எனவே இது என்ன ஏற்பாடு, இதில் பணம் போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை விரிவாகப் பார்ப்போம்.

ஊர் கூடிப் பணம் போடுவது

இந்த முறைக்கு கிரவுட் ஃபண்டிங் என்று பெயர். ஊர்த் திருவிழாவிற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு வசூல் செய்வார்கள் அல்லவா? அது போலத்தான். ஒரு பொருளைத் தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர், எனக்கு இவ்வளவு பணம் தேவை என்று ஓர் இணைய தளத்தில் அறிவிக்கிறார். விருப்பம் உள்ளவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தருகிறார்கள். பொருள் தயாரானதும் பணம் தந்தவர்களுக்கு அதில் ஒன்று அனுப்பப்படும். இதற்கான தளங்களில் பெயர் பெற்றது அமெரிக்காவில் 2009 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டர். இங்கே ஒரு விதி உண்டு. குறித்த நாளுக்குள் கேட்ட தொகை முழுவதும் சேர்ந்தால்தான் நம் கார்டில் இருந்து பணம் எடுக்கப்படும். ஒரு டாலர் குறைந்தாலும் யாரிடமும் எதுவும் எடுக்கப்படாது. திரண்ட தொகையில் 5 சதவிகிதத்தைத் தளம் தன் கட்டணமாக எடுத்துக் கொள்ளும்.

படிக்கும்போது பாதுகாப்பான ஏற்பாடாகத்தான் தோன்றும். ஆனால் பணம் திரண்ட பிறகு பொருள் வருமா, எப்போது வரும் என்பதற்கு இந்த விதியில் பதில் இல்லை.

கார் ஷெட்டில் பிறந்த ரிஃப்ட்

என் மருமகன் இந்த அளவிற்குத் துணிந்ததற்குக் காரணம் ஆக்குலஸ் ரிஃப்ட் என்ற ஹெட்செட்டின் கதை. "அதுக்கு அன்னைக்கே காசு போட்டவங்க எல்லாம் அதிர்ஷ்டசாலி மாமா" என்றான். அவன் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் சொல்ல வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் லாங் பீச் என்ற ஊரில் பால்மர் லக்கி என்ற இளைஞர் இருந்தார். பழைய ஹெட்செட்களை வாங்கிச் சேர்ப்பதும் பிரித்துப் பார்ப்பதும் அவர் பொழுதுபோக்கு. பழுதான ஐபோன்களைச் சரி செய்து விற்று அதற்கான பணத்தைச் சம்பாதித்தார். விர்ச்சுவல் ரியாலிட்டி அப்போதே பழைய விஷயம்தான். நின்டெண்டோ நிறுவனம் 1995 ஆம் ஆண்டிலேயே விர்ச்சுவல் பாய் என்று ஒன்றைக் கொண்டு வந்து தோற்றுப் போனது. இருந்த மற்ற ஹெட்செட்களில் நல்லவை சாமானியர் வாங்க முடியாத விலை. விலை குறைந்தவற்றில் பார்த்தால், இருட்டு அறையில் தூரத்தில் ஒரு சிறு ஜன்னல் தெரிவது போல் காட்சி தெரியும்.

லக்கி பெற்றோர் வீட்டின் கார் ஷெட்டில் அமர்ந்து இதற்கு ஒரு மலிவான வழியைத் தேடினார். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றிலும் சில காலம் வேலை பார்த்தார். அவர் பிடித்த வழி எளிமையானது. கண்ணுக்கு முன்னால் ஒரு சிறிய திரை. அதைப் பெரிதாக்கிக் காட்ட இரண்டு கண்களுக்கும் தனித் தனி லென்ஸ். இப்படி மலிவான லென்ஸ் வைத்தால் படத்தின் ஓரங்கள் உள்நோக்கி வளைந்து தெரியும். அந்தக் கோணலைச் சரி செய்ய விலை உயர்ந்த லென்ஸ் தேடாமல், கம்ப்யூட்டரே படத்தை எதிர்ப்பக்கமாக வளைத்துத் திரைக்கு அனுப்பும்படி செய்துவிட்டார்கள். கோணலும் கோணலும் சேர்ந்து நேராகிவிடும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை சிறிய சென்சார் ஒன்று கண்டறியும். மொபைல் போன்கள் இலட்சக் கணக்கில் தயாராகத் தொடங்கியதால் சிறிய திரைகளும் சென்சார்களும் அப்போது விலை குறைந்திருந்தன. பத்தாண்டுகளுக்கு முன் இதே யோசனை தோன்றியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

டூம், குவேக் விளையாட்டுகளை உருவாக்கிய ஜான் கார்மாக், லக்கியிடம் இருந்து ஒரு மாதிரியை வாங்கி, 2012 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த இ3 கேம்ஸ் கண்காட்சியில் காட்டினார். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆகஸ்ட் 1 அன்று கிக்ஸ்டார்ட்டரில் இரண்டரை இலட்சம் டாலர் கேட்டார்கள். முதல் நாளிலேயே இலக்கு தாண்டியது. ஒரு மாதம் முடிந்தபோது 9,522 பேர் சேர்ந்து 24,37,429 டாலர் தந்திருந்தார்கள். லக்கிக்கு அப்போது வயது 19.

காத்திருந்த மாதங்கள்

ஏறத்தாழ 300 டாலர் தந்தவர்களுக்கு அந்த டிசம்பர் மாதமே ஹெட்செட் அனுப்புவதாக ரிஃப்ட் குழுவினர் சொல்லியிருந்தார்கள். எதிர்பார்த்ததைப் போல் பல மடங்கு ஆர்டர் வந்ததால், முதலில் தேர்வு செய்த 5.6 அங்குலத் திரை போதிய அளவில் கிடைக்கவில்லை. 7 அங்குலத் திரைக்கு மாறினார்கள். திரை மாறினால் உள்ளே மற்றதும் மாறும். கடைசியில் 2013 மார்ச் மாத இறுதியில்தான் முதல் ஹெட்செட்கள் கிளம்பின. பணம் அதிகம் வந்ததே தாமதத்திற்குக் காரணமானது என்பதைக் கவனியுங்கள். கூடவே தருவதாகச் சொன்ன டூம் 3 பிஎஃப்ஜி விளையாட்டு, ரிஃப்ட்டில் இயங்கும் வகையில் வரவே இல்லை. அதற்கு ஈடாக வேறு சலுகையோ, வேண்டாம் என்றால் பணமோ திருப்பித் தருவதாக அறிவித்தார்கள்.

அந்த முதல் ஹெட்செட்டை நான் ஒரு முறை மாட்டிப் பார்த்திருக்கிறேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்திருந்தார். டஸ்கனி என்ற மாதிரிக் காட்சியை ஓட விட்டார். ஒரு பெரிய வீடு, தோட்டம், தூரத்தில் நீர்ப்பரப்பு. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. அண்ணாந்து பார்த்தால் வானம். மானிட்டரில் எத்தனை கேம்ஸ் விளையாடியிருந்தாலும் இந்த உணர்வு கிடைக்காது. அதே சமயம், ஒரு கண்ணுக்கு 640க்கு 800 பிக்ஸெல்கள்தான் என்பதால் எல்லாமே கொசு வலைக்குள் இருந்து பார்ப்பது போல் இருந்தது. ஐந்து நிமிடத்தில் தலை சுற்றி, வாந்தி வருவது போலாகிக் கழற்றிவிட்டேன். கண் நகர்வதாகச் சொல்கிறது, உடம்பு இல்லை என்கிறது. அந்தச் சண்டையில் வயிறு கலங்குகிறது. மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது வருவதும் இதன் தம்பிதான்.

இருநூறு கோடி டாலர்

ஹெட்செட்கள் கிளம்பி ஓராண்டு ஆன நிலையில், 2014 மார்ச் 25 அன்று ஆக்குலஸ் நிறுவனத்தை ஃபேஸ்புக் வாங்குவதாக அறிவித்தது. விலை 200 கோடி டாலர். முதலில் பணம் போட்ட அந்த ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு இதில் ஒரு காசு கூட இல்லை. அவர்கள் பங்கு வாங்கவில்லை. பொருளுக்கு முன்பணம்தான் தந்தார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, இது போன்ற தளத்தில் பொதுமக்களுக்குப் பங்கு விற்கவும் முடியாது. அதற்கான விதிகள் 2016 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தன. சட்டம் எப்படி இருந்தாலும் மனம் கேட்குமா? பலர் கோபப்பட்டார்கள். பத்தாயிரம் டாலர் தந்திருந்த மைன்கிராஃப்ட் விளையாட்டின் தந்தை மார்கஸ் பெர்சன், தன் விளையாட்டை ரிஃப்ட்டிற்குக் கொண்டு வரும் பேச்சையே நிறுத்திவிட்டார்.

கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் 2016 ஆம் ஆண்டு கடைகளுக்கான ரிஃப்ட் 599 டாலர் விலையில் வந்தபோது, அன்று ஹெட்செட்டிற்காகப் பணம் தந்தவர்களுக்கு அதில் ஒன்றை இலவசமாக அனுப்பினார்கள். 300 டாலர் போட்டவருக்கு இரண்டு ஹெட்செட். இது எந்த ஒப்பந்தத்திலும் இல்லாத தாராளம்.

ஒரே ஒரு சிக்கல். அதை இயக்க ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்டு, ஐ5 4590 பிராசசர், 8 ஜிபி ராம் தேவை என்று அறிவித்திருந்தார்கள். வீட்டில் கடிதம் டைப் செய்யவும் படம் பார்க்கவும் வாங்கிய கம்ப்யூட்டரில் இவை இருக்காது. ஹெட்செட் இலவசம், அதை மாட்ட கம்ப்யூட்டருக்குச் செலவு. யானையைச் சும்மா கொடுத்தாலும் கரும்பு யார் வாங்குவது?

எல்லோரும் ரிஃப்ட் அல்ல

இங்கேதான் மருமகனை நிறுத்தினேன். வெற்றி பெற்ற ஒன்றின் கதையை வைத்து மற்ற எல்லாவற்றையும் எடை போட முடியாது. 2017 ஆம் ஆண்டு சீனாவின் பைமேக்ஸ் நிறுவனம் இன்னும் அகலமான காட்சி தரும் ஹெட்செட்டிற்காக இதே தளத்தில் 42 இலட்சம் டாலருக்கு மேல் திரட்டி ரிஃப்ட்டையே முந்தியது. பொருள் வந்தது, ஆனால் சொன்ன தேதிக்குப் பல மாதங்கள் கழித்து. ஸானோ என்ற குட்டி டிரோனின் கதை இன்னும் மோசம். பிரிட்டனில் இருந்து வந்த அந்தத் திட்டத்திற்கு 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 23 இலட்சம் பவுண்டுக்கு மேல் தந்தார்கள். 2015 நவம்பரில் நிறுவனம் மூடப்பட்டது. சில நூறு பேருக்கு மட்டுமே டிரோன் போய்ச் சேர்ந்தது. என்ன நடந்தது என்று கண்டறிய கிக்ஸ்டார்ட்டரே ஒரு பத்திரிகையாளரை நியமிக்க வேண்டியிருந்தது.

தாங்கள் கடை நடத்தவில்லை என்று அந்தத் தளம் 2012 செப்டம்பரிலேயே வெளிப்படையாக எழுதிவிட்டது. கம்ப்யூட்டரில் வரைந்த அழகான படத்தை உண்மைப் பொருள் போல் காட்டக் கூடாது, செய்த மாதிரியைத்தான் காட்ட வேண்டும் என்ற விதியும் அப்போது வந்தது. எனவே இது போன்ற பக்கத்தில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, வெளியாட்கள் யாராவது அந்த மாதிரியை மாட்டிப் பார்த்திருக்கிறார்களா என்பதை. பேசுபவர்கள் எல்லோரும் அந்தக் கம்பெனி ஆட்களாகவே இருந்தால் சற்று நிதானியுங்கள். பின், உங்கள் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு அதற்குப் போதுமா என்று பாருங்கள். நம் நாட்டிற்கு அனுப்பும் செலவும், வந்து இறங்கும்போது சுங்க வரியும் அந்த 399 டாலரில் அடங்காது. அதன் மேல்தான் வரும்.

இவ்வளவு சொல்லும் நானும் ஒரு முறை 99 டாலரைப் பறிகொடுத்தவன்தான். சட்டைப் பையில் வைக்கும் புரொஜெக்டர் ஒன்று வருவதாக நம்பிப் பணம் போட்டேன். முதல் ஆறு மாதம் வாரம் ஒரு மெயில் வந்தது. பிறகு மாதம் ஒன்று. பிறகு இல்லை. வீட்டில் இன்று வரை இதைச் சொல்லவில்லை.

மருமகனிடம் கார்டு தர மறுக்கவில்லை. அவன் உழைத்துச் சேர்த்த பணம். தயாரிப்பாளர்களுக்கு மூன்று கேள்விகள் எழுதச் சொன்னேன். வெளியாட்கள் யார் சோதித்தார்கள்? திரையை எங்கிருந்து வாங்குகிறீர்கள்? இந்தியாவில் பழுதானால் யார் சரி செய்வார்கள்? நான்கு நாள் கழித்து ஒரு பதில் வந்தது. கேள்விகளுக்கு நன்றி, எங்கள் ஹெட்செட் உலகை மாற்றும் என்று இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கொண்டான்.

அந்த ஹெட்செட் கேட்ட தொகையைத் திரட்டிவிட்டது. சென்ற வாரம் போனில் பேசும்போது, அனுப்பும் தேதியை மூன்று மாதம் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்றான். "வந்துட்டா உங்களைத்தான் கேப்பேன் மாமா" என்றும் சொல்லி வைத்திருக்கிறான்.