கணவன் மனைவிக்கென ஒரு நேரம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

பெண் பேசி முடித்த நாள் முதல் நிக்காஹ் நடக்கும் நாள் வரை கைத்தொலைபேசியில் மணிக்கணக்காக உரையாடும் இளைஞர்களை நாம் காண்கிறோம். நிக்காஹ் நிறைவேறும் வரை இருவரும் அந்நியர்களே. ஆகவே அந்தப் பேச்சுக்கு மார்க்கத்தில் எல்லை உண்டு என்று நாம் சொன்னால் அவர்களுக்குக் கசக்கின்றது. அதே இளைஞரை ஐந்து வருடங்களுக்குப் பின் பாருங்கள். இரவு கடையை மூடி வீடு வருகிறார், சாப்பிடுகிறார், தொலைபேசியைக் கையில் எடுக்கிறார், அப்படியே உறங்கிவிடுகிறார். ஹராமாக இருந்தபோது பேச நேரம் இருந்தது. ஹலாலான பின்போ நேரம் இல்லாமற் போய்விட்டது!

இந்த மௌனம் சண்டையல்ல. ஆகவேதான் இதை எவரும் ஆபத்தாக நினைப்பதில்லை. ஆனால் பேசாத வீட்டில் சிறு வருத்தம் சொல்லப்படாமல் கிடந்து பெரிதாகின்றது. ஒரு நாள் அது வெடிக்கும்போது, “இத்தனை நாளும் ஒன்றும் சொல்லவில்லையே” என்று கணவன் திகைக்கிறான். “கேட்க நீங்கள் இருந்தால்தானே” என்கிறாள் மனைவி. காதி நீதிமன்றத்தின் படியேறும் வழக்குகளிற் சில இவ்வாறே தொடங்கியிருக்கக் கூடும்.

இதை எழுதும் நானும் இவ்விடயத்தில் குற்றமற்றவன் அல்லன். நிக்காஹ் முடித்து மூன்றாம் வருடம். பகலில் மத்ரஸா, மாலையில் சிறுவர் வகுப்பு, இரவில் பயான், வெள்ளியில் குத்பா என நாட்கள் ஓடின. ஓரிரவு குடும்ப வாழ்வு பற்றிய வானொலி உரையொன்றுக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். தேநீரைக் கொண்டுவந்து வைத்த என் மனைவி, “உங்கட பேச்ச நானும் இனி ரேடியோவிலதான் கேக்கணும் போல” என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துத்தான் சொன்னார். ஆயினும் அன்றிரவு அந்தக் குறிப்பை என்னால் எழுதி முடிக்க இயலவில்லை.

சகோதர சகோதரிகளே! வாரத்தில் ஓர் இரவைத் தமக்கென ஒதுக்கி, கணவனும் மனைவியும் தனித்திருந்து பேசுவதும் வெளியே சென்று வருவதும் மேலைநாட்டார் பழக்கம் என்று நம்மிற் சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். பெயர் வேண்டுமானால் புதிதாக இருக்கலாம். ஆனால் அந்தச் செயலுக்கு நபி (ஸல்) அவர்களின் வீட்டில் முன்மாதிரி உண்டு.

இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, தம் தாயின் சகோதரியான அன்னை மைமூனா (ரழி) அவர்களின் வீட்டில் ஓரிரவு தங்கினார்கள். அவ்விரவில் நபியவர்கள் எழுந்து வுழூச் செய்து தொழுததை அவர்கள் அறிவித்த ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. தஹஜ்ஜுத் தொழுகையைப் பற்றிப் பேசும் நாம் அனைவரும் அதனை எடுத்துக் கூறுகின்றோம். ஆனால் அதே அறிவிப்பில், நபியவர்கள் முதலில் தம் குடும்பத்தாருடன் சிறிது நேரம் உரையாடினார்கள், அதன் பின்பே உறங்கினார்கள் என்ற செய்தியும் உள்ளது. இரவுத் தொழுகையை எடுத்துக்கொண்ட நாம், அதற்கு முந்திய அந்தச் சிறிது நேரத்தை விட்டுவிட்டோம்!

இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதை நபியவர்கள் வெறுத்தார்களே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வீண் பேச்சில் விழித்திருந்து ஸுப்ஹைத் தவறவிடக் கூடாது என்பது அதன் காரணங்களில் ஒன்று. ஆனால் விருந்தினருடனும் குடும்பத்தாருடனும் இரவில் உரையாடுவதற்கு இமாம் புகாரி அவர்கள் தம் நூலில் தனியாகவே ஒரு பாடம் அமைத்துள்ளார்கள். நம் நாட்டில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி அவர்களும், மனைவி மக்களுடன் அன்பு பாராட்டிப் பேசுவது அந்த வெறுப்புக்குள் அடங்காது என விளக்கியுள்ளார்கள். ஆக, ஊர்க் கதை பேசித் தெருமுனையில் நள்ளிரவு வரை நிற்பதற்கு இல்லாத சலுகை, மனைவியுடன் பேசுவதற்கு உண்டு. நம்மிற் பலர் இதனைத் தலைகீழாக்கிவிட்டோம்.

அன்னாரின் வாழ்வில் இன்னும் பாருங்கள். பயணங்களில் இரவு வந்தால் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களுடன் உரையாடியபடியே செல்வார்கள். பயணமொன்றில் இருவரும் ஓட்டப் பந்தயம் ஓடியதும் உண்டு. முதலில் அன்னையார் வென்றார்கள், பின்னொரு காலத்தில் நபியவர்கள் வென்றார்கள். பதினொரு பெண்கள் தத்தம் கணவரைப் பற்றிச் சொன்ன நீண்ட கதையை அன்னையார் கூறியபோது, அதனை இறுதி வரை செவிமடுத்தார்கள். ரமழானின் கடைசிப் பத்தில் இஃதிகாப் இருந்த வேளையிலும், காண வந்த அன்னை ஸபிய்யா (ரழி) அவர்களுடன் சிறிது நேரம் உரையாடி, அவர்களை வழியனுப்ப எழுந்து சென்றார்கள். ஒரு சமுதாயத்தின் சுமை முழுவதையும் தாங்கியிருந்தவர்களுக்கு இதற்கு நேரம் இருந்தது. “எனக்கு வேலை அதிகம்” என்ற நம் சாட்டு இங்கு எம்மாத்திரம்?

இபாதத்தின் பெயராலும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. அபூதர்தா (ரழி) அவர்கள் பகலில் நோன்பும் இரவில் தொழுகையுமாக இருந்து, மனைவியைக் கவனியாதிருந்தார்கள். அவர்களின் வீட்டுக்கு வந்த ஸல்மான் (ரழி) அவர்கள், இறைவனுக்கும் உடலுக்கும் உரிமை இருப்பது போன்றே குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று உணர்த்தினார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நபியவர்களும் அதனை உறுதிப்படுத்தினார்கள்.

இனி, இதனை நடைமுறைப்படுத்துவது எவ்வாறு?

முதலாவது, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். “நேரம் கிடைத்தால் பார்ப்போம்” என்றால் கிடைக்கவே கிடைக்காது. பிள்ளையின் டியூஷன் வகுப்புக்கு நாளும் மணியும் இருப்பது போல இதற்கும் இருக்கட்டும். கொழும்பில் தொழில் செய்து வார இறுதியில் ஊர் திரும்புவோர், வந்த அன்றே ஒரு மணி நேரத்தையாவது மனைவிக்கென வைக்கட்டும்.

இரண்டாவது, தொலைபேசியை வேறோர் அறையில் வைத்துவிடுங்கள். முகம் பாராத பேச்சு பாதிப் பேச்சே.

மூன்றாவது, கடன், சீட்டுக்காசு, மாமி மீதான முறைப்பாடு ஆகியவற்றை அந்நேரத்தில் எடுக்காதீர்கள். அவை பேச வேண்டியவைதாம். வேறொரு பொழுதில் பேசுங்கள். இந்நேரம், அவரவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்குரியது.

நான்காவது, செலவு தேவையில்லை. காலிமுகத்திடலுக்கோ கல்முனைக் கடற்கரைக்கோ நடந்து வரலாம். அதுவும் இயலாதெனில் வீட்டு முற்றத்தில் இரு கதிரைகளும் இரண்டு கோப்பைத் தேநீரும் போதும்.

ஐந்தாவது, வெளிநாட்டில் உழைப்போரும் இதிலிருந்து விலக்கல்லர். கட்டாரிலும் சவூதியிலும் இருப்போருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரமே வித்தியாசம். இங்கு இரவு 9.30 என்றால் அங்கு 7.00 மணி. காசு அனுப்பியதைச் சொல்லவும் பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி கேட்கவும் மட்டும் அழைக்காமல், அவளுக்காகவே வாரம் ஒரு நாள் குறித்த நேரத்தில் அழையுங்கள்.

பெற்றோர்களே! உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மகள் வீட்டில் மருமகனோடும், மகன் வீட்டில் மருமகளோடும் நீங்கள் கூடி வாழ்கின்றீர்கள். இளந்தம்பதியர் இருவரும் புறப்பட்டால், “எங்க போறீங்க? ஏன் தனியா?” என்று வாசலில் நிறுத்தாதீர்கள். “பிள்ளைகள நான் பாத்துக்கொள்றன், போயிட்டு வாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளின் வீடு நிலைக்க நீங்கள் செய்யும் பெரிய உதவி அது. தம்பதியரே, நீங்களும் இதனைச் சாட்டாக்கி உம்மா வாப்பாவின் கடமைகளிற் குறை வைத்துவிடாதீர்கள்.

கணவன் மனைவியருக்கிடையே அன்பையும் கருணையும் ஏற்படுத்தியிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளில் ஒன்றென ஸூரா அர்ரூமின் 21 ஆவது வசனத்தில் கூறுகின்றான். அவன் நட்ட மரம் அது. நீரூற்றுவது நம் பொறுப்பு.

என் மனைவி அன்று சொன்ன வார்த்தைக்குப் பின், திங்கட்கிழமை இரவை நாங்கள் இருவரும் எங்களுக்கென வைத்துக்கொண்டோம். அன்று பயானுக்கு அழைப்போரிடம், “மன்னிக்கவும், வேறொரு கடமை உண்டு” என்று சொல்லிவிடுகின்றேன். சில வாரங்கள் தவறிப்போவதும் உண்டு. அப்போது மறுநாளே ஈடுசெய்கின்றோம். நீங்களும் இவ்வாரமே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் இல்லங்களை அமைதியும் அன்பும் நிறைந்தவையாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.