'எர்ரர்'னு மட்டும் சொன்னா எப்படி பாஸ்?

'எங்கே வலிக்குது?'ன்னு டாக்டர் கேட்கிறார். 'வலிக்குது டாக்டர்'னு மட்டுமே பதில் வந்தா, அவர் என்ன மருந்து எழுதுவார்? நாம எழுதுற சி புரோகிராம்கள் பலதும் இப்படித்தான் பேசுது.

உங்க லேப் ரெக்கார்டைப் புரட்டுங்க. எஃப்ஓப்பன் போட்டு ஃபைலைத் திறக்கிறோம். நல் வந்தா, 'எர்ரர்'னு ஒரு பிரின்ட்எஃப், அப்புறம் எக்ஸிட். கதை முடிஞ்சது! ஆனா, ஃபைல் ஏன் திறக்கலை? பேர்ல எழுத்துப் பிழையா, படிக்க அனுமதி இல்லையா, திறந்த ஃபைல்களை மூடாம விட்டு லிமிட் தாண்டிடுச்சா? ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற.

வேடிக்கை என்னன்னா, காரணம் சிஸ்டத்துக்குத் தெரியும். எர்ர்நோ என்கிற இடத்துல நம்பரா எழுதி வெச்சிருக்கும். லினக்ஸ்ல 2ன்னா, அப்படி ஒரு ஃபைல் இல்லை. 13ன்னா, அனுமதி இல்லை. 24ன்னா, திறந்த ஃபைல்கள் அதிகம். மனப்பாடம் பண்ணிடாதீங்க, வேற சிஸ்டத்துல நம்பர் மாறலாம். நம்பரை வாக்கியமா மாத்த, 1989-ல் வந்த ஆன்சி சி-யிலேயே ரெண்டு ஃபங்ஷன் இருக்கு.

முதலாவது, பெர்ரர். அதுக்கு ஃபைல் பேரைக் கொடுங்க. 'மார்க்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'ன்னு பளிச்னு சொல்லும். அதுவும் எஸ்டிடி-எர்ரர் வழியா. அதனால, அவுட்புட்டை ஃபைலுக்குத் திருப்பிவிட்டாலும் மெசேஜ் ஸ்கிரீன்லதான் வரும். ரெண்டாவது, ஸ்ட்ரெர்ரர். அது வாக்கியத்தை மட்டும் கையில கொடுக்கும். எஃப்பிரின்ட்எஃப்ல வெச்சு, உங்க இஷ்டத்துக்கு மெசேஜ் அமைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. எர்ர்நோவுக்கு ஆயுசு கம்மி. நடுவுல ஒரு பிரின்ட்எஃப் போட்டாலே மாறிடலாம். பழைய யூனிக்ஸ்ல இப்படித்தான், சம்பந்தமே இல்லாம 'நாட் எ டைப்ரைட்டர்'னு மெசேஜ் வந்து பலரைக் குழப்பியிருக்கு! ஃபங்ஷன் ஜெயிச்சாலும் எர்ர்நோ தானா பூஜ்யம் ஆகாது. அதனால, முதல்ல ரிட்டர்ன் வேல்யூவைப் பாருங்க. தோல்வின்னா, எர்ர்நோவை உடனே ஒரு இன்ட்ல எடுத்து வெச்சுக்குங்க.

லேப்ல பக்கத்துலயே நீங்க இருக்கீங்க, சமாளிச்சிடலாம். நாளைக்கு உங்க புராஜெக்ட்டை ஏதோ ஒரு ஆபீஸ்ல யாரோ ஓட்டுவாங்க. ராத்திரி 12 மணிக்கு அது நின்னா, அவங்களுக்குத் துணை அந்த ஒத்தை வரி மெசேஜ்தான். இன்னிக்கே இல்லாத ஒரு ஃபைல் பேரைக் கொடுத்து, உங்க புரோகிராம் என்ன சொல்லுதுன்னு பாருங்களேன்!