வெகுசனப் பண்பாட்டில் ராக் இசையின் இடம்

வெகுசனப் பண்பாட்டில் ராக் இசை தான் பெற்றிருந்த முதன்மை இடத்தை இழந்துவிட்டதா என்பது இசை விமர்சகர்களிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்படும் கேள்வி ஆகும். ராக் இசை என்பது மின் கித்தார், பேஸ் கித்தார், டிரம்ஸ் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு, 1950களின் ராக் அண்ட் ரோல் இசையில் இருந்து வளர்ந்த இசைவகை ஆகும். இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் நிலையையே முதன்மையாக விளக்குகிறது.

உச்சநிலை

1955 இல் பில் ஹேலி குழுவினரின் ராக் அரவுண்ட் த கிளாக் பில்போர்டு இதழின் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1964 ஏப்ரலில் அவ்விதழின் ஹாட் 100 பட்டியலில் முதல் ஐந்து இடங்களையும் பீட்டில்ஸ் குழுவே பிடித்திருந்தது. 1992 சனவரியில் நிர்வானா குழுவின் நெவர்மைன்ட், மைக்கேல் ஜாக்சனின் டேஞ்சரஸ் இசைத்தொகுப்பை முதலிடத்தில் இருந்து அகற்றியது.

சரிவு

2002 ஆம் ஆண்டுக்கான ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பெற்றது நிக்கல்பேக் என்னும் ராக் குழுவின் பாடல். அதன் பின்னர் புதிய ராக் பாடல்கள் இப்பட்டியலின் உச்சியை எட்டுவது அரிதாயிற்று. 2017 இல் ஹிப் ஹாப், ஆர் அண்ட் பி ஆகியன இணைந்த பிரிவு, அமெரிக்கர் மிகுதியாக நுகரும் இசையாக ராக் இசையை முதன்முறையாக முந்தியது என்று நீல்சன் நிறுவனம் அறிவித்தது.

இம்மாற்றத்தில் கணக்கெடுப்பு முறைக்கும் பங்கு உண்டு. முன்பு ஒருவர் ஓர் இசைத்தட்டை வாங்கினால், அதை ஒருமுறை கேட்டாலும் ஆயிரம் முறை கேட்டாலும் ஒரு விற்பனையாகவே அது கணக்கிடப்பட்டது. 2014 திசம்பரில் இருந்து பில்போர்டு 200 பட்டியல் இணையவழிக் கேட்புகளையும் சேர்த்துக்கொண்டது. தொடக்கத்தில் 1,500 கேட்புகள் ஓர் இசைத்தொகுப்பு விற்பனைக்கு ஈடாகக் கொள்ளப்பட்டன. ஒரே பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்கும் இளையோரின் விருப்பம் இதனால் கூடுதல் எடை பெற்றது. எனினும் முழுக் காரணத்தையும் கணக்கெடுப்பின் மீது சுமத்துவது பொருந்தாது. ராக் குழுவுக்கு நான்கைந்து பேர், கருவிகள், ஒத்திகை அறை, பொறுமையான அண்டை வீட்டார் ஆகிய அனைத்தும் தேவை. ஹிப் ஹாப் பாடல் ஒன்றை ஒருவர் தம் அறையில் ஒரு கணினியைக் கொண்டே உருவாக்கிவிடலாம்.

தவறான சான்று

புகழ்பெற்ற கித்தார் தயாரிப்பாளரான கிப்சன் 2018 மே மாதத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது ராக் இசையின் மறைவுக்குச் சான்றாகப் பலரால் காட்டப்படுகிறது. உண்மையில் அந்நிறுவனத்தை வீழ்த்தியது, நுகர்வோர் மின்னணுப் பொருட்கள் துறையில் அது செய்த முதலீட்டால் வந்த கடனே ஆகும். 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்று முடக்கத்தின்போது, மற்றொரு கித்தார் தயாரிப்பாளரான பென்டர் அதுவரை இல்லாத அளவு விற்பனை கண்டது.

மேடையும் பழைய பாடல்களும்

மேடை நிகழ்ச்சிகளில் நிலைமை வேறு. யு2 குழுவின் 2009–2011 சுற்றுப்பயணத்தில் 110 நிகழ்ச்சிகளுக்கு 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்பனையாயின. பிரித்தானியக் குழுவான ஓயேசிஸ் 2025 இல் மீண்டும் இணைந்து மேடையேறியபோதும் விளையாட்டரங்குகள் நிறைந்தன. பிளீட்வுட் மேக் குழு 1977 இல் வெளியிட்ட ரூமர்ஸ், ஒரு டிக்டாக் காணொளியின் விளைவாக 2020 அக்டோபரில் பில்போர்டு 200 பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் மீண்டும் நுழைந்தது.

இவை அனைத்தும் பழைய குழுக்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 2021 இல் யூரோவிசன் போட்டியில் வென்ற இத்தாலியக் குழுவான மோனெஸ்கின் போன்ற புதியவை சிலவே. புதிய குழுக்கள் வளர்வதற்குச் சிறிய அரங்குகள் தேவை. ரமோன்ஸ், டாக்கிங் ஹெட்ஸ் ஆகிய குழுக்கள் தொடக்கத்தில் வாசித்துப் புகழ்பெற்ற நியூயார்க்கின் சிபிஜிபி அரங்கு, வாடகைத் தகராற்றைத் தொடர்ந்து 2006 அக்டோபரில் மூடப்பட்டது. 2008 இல் அவ்விடத்தில் ஓர் ஆடையகம் திறக்கப்பட்டது.