துபாயில் வாங்கிய பழைய ஃபோர் வீல் டிரைவ்... சுவாமிமலைக்கு வருமா?

சுவாமிமலை முருகனின் 60 படிகளை ஏறிக் கும்பிட்டுவிட்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறும் இளைஞர்கள் டெல்டாவில் ஏராளம். வேலை நிலைத்து லைசென்ஸும் கிடைத்ததும் பலருக்கு வரும் ஆசை, மலிவாக ஒரு பழைய பஜேரோவை வாங்கி மணலில் ஓட்டுவது.

ஆனால், விலை குறைவு என்றால் காரணமும் இருக்கும். 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் 75 ஆண்டுகளில் இல்லாத மழை. அல் ஐன் பகுதியில் ஒரே நாளில் 254 மி.மீ. கொட்டியது. சாலைகளில் நின்ற கார்கள் நீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் சேற்றுக் கறை, கார்ப்பெட்டுக்கு அடியில் துரு, ஏசி போட்டதும் பூஞ்சை வாடை... ஒன்று இருந்தாலும் விலகிவிடுவது நல்லது. ஃபோர் வீல் கியர் சரியாக விழுகிறதா, அடிப்பாகம் அடிபட்டிருக்கிறதா என்பதையும் மெக்கானிக்கை வைத்துப் பார்க்க வேண்டும். பழைய அபராதங்களைக் கட்டி முடித்தால்தான் பெயர் மாற்றம்.

சரி, ஊருக்குக் கொண்டு வரலாமா? முடியாது. இந்தியாவுக்கு இறக்குமதியாகும் பழைய கார் 3 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். அமீரகத்து வண்டிகளில் அது இடப்பக்கம். விதிகளுக்குள் வந்தாலும், வரி காரின் மதிப்பையே தாண்டிவிடும்.

அதனால், திரும்பும் தேதி தெரிந்ததுமே விற்பனையைத் தொடங்க வேண்டும். கடைசி வாரத்தில் விற்றால், வாங்குபவர் சொல்வதுதான் விலை. பெயர் மாற்றாமல் நண்பரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், அவர் வாங்கும் அபராதமும் இவர் கணக்கில்தான் ஏறும்.

அப்பாவின் வயல் வரப்புக்கு அந்த வண்டி வரப்போவதில்லை. விற்ற பணமாவது முழுசாக வந்து சேரட்டும்!