பற்றரி வாங்க முன் வண்டியின் சார்ஜைப் பாருங்கள்

நீண்டகாலம் ஓடாமல் நின்ற மோட்டார் சைக்கிளுக்குப் பலர் முதலில் வாங்குவது புதுப் பற்றரிதான். சார்ஜ் ஏறுவதில் பிழை இருந்தால் அந்தப் பற்றரியும் பழுதாகிவிடும். ஊர் திரும்பிய வீட்டில் அந்தக் காசுக்கு எத்தனையோ தேவைகள். (வண்டி கண்ணிவெடி அகற்றப்படாத காணியில் கிடந்தால் அருகே போகவே வேண்டாம், கிராம அலுவலரிடம் சொல்லுங்கள்.)

மல்ரிமீற்றர் ஒன்றை இரவல் வாங்கி, டிசி 20 வோல்ற்றில் வைத்துப் பற்றரியின் இரு முனைகளிலும் பிடியுங்கள். நல்ல 12 வோல்ற் பற்றரி, என்ஜின் நிற்கும்போது ஏறத்தாழ 12.6 காட்டும். என்ஜினை ஓடவிட்டு அளவாக முறுக்கினால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்கவேண்டும். ஏறாவிட்டால் சார்ஜ் வரவில்லை. 15ஐத் தாண்டினால் பெரும்பாலும் ரெகுலேற்றர் பழுது. அது பற்றரியைக் கொதிக்கவைத்துக் கெடுத்துவிடும்.

சார்ஜ் வராவிட்டால் உடனே சாமான் மாற்றாதீர்கள். கிடந்த வண்டியில் எலி வயரைக் கடித்திருக்கலாம், இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம், ஏர்த் வயரின் நட்டு துருவேறியிருக்கலாம். என்ஜினை நிறுத்தி, பற்றரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதுதான் கடைசி. துப்புரவாகத் தேய்த்து இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

தண்ணீர் விடும் பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றக்கூடிய வாயு வரும். பீடி, குப்பி விளக்கு தூரத்தில் இருக்கட்டும்.

இரவுப் பயணத்துக்கு வெளிச்சம் போதாதென்று பெரிய பல்ப் போட்டால் பற்றரி இறங்கும். வண்டிக்குப் பொருந்தும் எல்ஈடி பல்ப் குறைந்த மின்னில் எரியும்.

இவ்வளவு செய்தும் ஏறவில்லையா? மீற்றர் காட்டிய இலக்கங்களை எழுதிக்கொண்டு கராஜுக்குப் போங்கள். கொயிலா, ரெகுலேற்றரா என்று சோதித்த பிறகே மாற்றச் சொல்லுங்கள்.