எண்ணெய்க் கம்பெனி கண்டுபிடிச்ச பேட்டரி

இந்த எபிசோட் ஒரு போன் காலில் ஆரம்பிச்சது. கல்லூரியில் என்னோட படிச்ச தோழி ஒருத்தி ஒரு பெரிய நிறுவனத்தோட ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கிறா. போன வருஷம் "எனக்குப் பேட்டன்ட் கிடைச்சிடுச்சு"ன்னு ஸ்வீட் பாக்ஸோட வீட்டுக்கு வந்தா. போன மாசம் கூப்பிட்டு, "ப்ராஜெக்டை மூடிட்டாங்க. அவங்களும் செய்ய மாட்டாங்களாம், நான் வெளியே போய்ச் செய்யவும் கூடாதாம். அப்புறம் எதுக்கு அந்தப் பேட்டன்ட்?"னு கேட்டா.

அன்னைக்கு என்கிட்ட பதில் இல்லை. அப்புறம் தேடிப் படிச்சப்போ ஒரு பழைய கதை கிடைச்சது. அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

இப்போ நீங்க கையில வெச்சிருக்கிற போனுக்குள்ள ஒரு லித்தியம் அயன் பேட்டரி இருக்கு. அதோட முன்னோடி பிறந்த இடம் எது தெரியுமா? உலகத்தோட மிகப் பெரிய எண்ணெய் நிறுவனங்களில் ஒண்ணான எக்ஸான்.

பெட்ரோல் விக்கிறவங்களுக்குப் பேட்டரி எதுக்கு? 1970-களின் தொடக்கத்தில், எண்ணெய் என்னைக்கும் இப்படியே கிடைக்காதுங்கிற கவலை அந்தத் துறைக்குள்ளேயே இருந்தது. அதனால எக்ஸான், எண்ணெயோட நேரடியா சம்பந்தமில்லாத அடிப்படை ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்குச்சு. 1972-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்லி விட்டிங்ஹாம்ங்கிற இளம் பிரிட்டிஷ் வேதியியலாளரை வேலைக்கு எடுத்தாங்க. அடுத்த வருஷமே அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டாங்க. சில மாசத்துல ஒரு பீப்பாய் விலை சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலர் பக்கத்துல போயிடுச்சு. ஆராய்ச்சிக்கூடத்துல நடந்த வேலைக்குத் திடீர்னு ஒரு அவசரம் வந்தது.

விட்டிங்ஹாம் கண்டுபிடிச்சது என்ன? சின்ன வயசுல புத்தகப் பக்கங்களுக்கு நடுவுல மயிலிறகு வெச்சிருப்போம் இல்லையா, அதை நினைச்சுக்கோங்க. டைட்டானியம் டைசல்ஃபைடுங்கிற பொருள் அந்தப் புத்தகம் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். லித்தியம் அயனிகள் அந்த அடுக்குகளுக்கு நடுவுல நுழையும், திரும்ப வெளியே வரும். புத்தகம் கிழியாது. உள்ளே நுழையும்போது மின்சாரம் கிடைக்கும். சார்ஜ் போட்டா அயனிகள் வெளியே வந்துடும். எக்ஸானோட நிர்வாகக் குழு முன்னாடி அவர் இதைப் பத்து நிமிஷத்துக்குள்ள விளக்கினாராம். ஒரே வாரத்துல பணம் போட ஒத்துக்கிட்டாங்க.

1977-ல் அமெரிக்கப் பேட்டன்ட் வந்தது. எண் 4009052. கண்டுபிடிப்பாளர்ங்கிற இடத்துல விட்டிங்ஹாம் பெயர். உரிமை எக்ஸானோட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. இந்த ரெண்டும் வேற வேற இடம்ங்கிறதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அதே வருஷம் சிகாகோவில் நடந்த மின்வாகனக் கண்காட்சியில் எக்ஸான் இந்தப் பேட்டரியைக் காட்சிக்கு வெச்சது. சூரிய ஒளியில் ஓடுற கடிகாரங்களுக்காக ஒரு சுவிஸ் கம்பெனிக்குச் சின்ன அளவுல தயாரிச்சும் கொடுத்தாங்க. ஆனா ஒரு பெரிய சிக்கல் இருந்தது. திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டா உள்ளே இருக்கிற லித்தியம் உலோகத்திலிருந்து ஊசி ஊசியா முளைக்கும். அது எதிர்முனையைத் தொட்டா ஷார்ட் சர்க்யூட், தீ. தீயணைப்புப் படை ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பல தடவை வர வேண்டியிருந்தது. லித்தியம் தீயை அணைக்கிற விசேஷ ரசாயனத்துக்கு உங்ககிட்டேயே காசு வாங்குவோம்னு கடைசியில மிரட்டினாங்களாம்.

தீயை அடக்க ஆராய்ச்சி தேவைப்பட்டது. ஆராய்ச்சிக்குக் காலமும் பணமும் தேவைப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் எண்ணெய் விலை இறங்கினதும் எக்ஸான் செலவைக் குறைச்சது. பேட்டரி வேலை நின்னுபோச்சு. தொழில்நுட்பத்தை உலகத்தோட மூணு மூலையில் இருந்த மூணு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்துட்டு ஒதுங்கிட்டாங்க. விட்டிங்ஹாமும் 1984-ல் வெளியேறினார்.

கதை அங்கே முடியலை. காரணம், பேட்டன்டோட இன்னொரு முகம். ஒரு நிறுவனம் பேட்டன்ட் வாங்கணும்னா, கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்யுதுன்னு ஊருக்கே எழுதிக் காட்டணும். அதுக்குப் பதிலாத்தான் அரசு அதுக்குச் சில வருஷம் தனியுரிமை கொடுக்குது. மத்தவங்க அனுமதியில்லாம அதைச் செய்யக் கூடாது. ஆனா படிக்கலாம், அதுக்கு மேல யோசிக்கலாம். விட்டிங்ஹாம் ஆய்விதழிலும் எழுதினார். 1976-ல் சயன்ஸ் இதழில் அவரோட கட்டுரை வந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜான் குட்இனஃப் இந்தப் பேட்டரியைப் பத்தி அறிஞ்சிருந்தார். சல்ஃபைடுக்குப் பதிலா ஆக்ஸைடு வெச்சா மின்னழுத்தம் கூடும்னு கணிச்சார். 1980-ல் அவரோட குழு லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடை வெச்சு 4 வோல்ட் எட்டினாங்க. அதுக்குப் பேட்டன்ட் எடுக்க ஆக்ஸ்ஃபோர்டு விரும்பலை. ஹார்வெல்லில் இருந்த பிரிட்டிஷ் அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் பேட்டன்டை எடுத்தது, உரிமை அங்கே போச்சு. குட்இனஃபுக்கு அதுல ஒரு பைசா வரலை.

1985-ல் ஜப்பானில் அசாஹி காசெய் நிறுவனத்தைச் சேர்ந்த அகிரா யோஷினோ அந்தத் தீப் பிரச்சினைக்கு வழி கண்டார். தூய லித்தியம் உலோகத்தையே எடுத்துட்டு, அந்த இடத்துல ஒரு கார்பன் பொருளை வெச்சார். அந்தப் பொருள் பெட்ரோலியம் கோக். அதாவது, எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சுற கரி! எக்ஸான் தேடின விடையோட ஒரு பகுதி, எண்ணெய்த் தொழிலோட மிச்சத்துலேயே இருந்திருக்கு. 1991-ல் சோனி லித்தியம் அயன் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது. விட்டிங்ஹாமோட அந்த 1977 பேட்டன்ட், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 17 வருஷம் கழிச்சு 1994-ல் காலாவதியாச்சு. தொழில் சூடுபிடிக்கிற நேரத்துல எக்ஸான் கையில் அது இல்லை. 2019-ல் மூணு பேருக்கும் சேர்த்து வேதியியல் நோபல் கிடைச்சது. அப்போ குட்இனஃபுக்கு வயசு 97.

இப்போ தோழியோட கேள்விக்கு வர்றேன். பேட்டன்ட் கொடுக்கிறது தடுக்கிற உரிமை. அதைச் செஞ்சே ஆகணும்ங்கிற கடமை அமெரிக்கச் சட்டத்துல பொதுவா கிடையாது. வேலி போட்ட நிலம் மாதிரி. உள்ளே விதைக்கிறதா, தரிசா விடுறதாங்கிறது உரிமையாளர் இஷ்டம்.

இந்தியச் சட்டம் இதுல கொஞ்சம் கறார். பேட்டன்டை இங்கே பயன்படுத்துறீங்களா இல்லையான்னு உரிமையாளர் அரசுக்குக் கணக்குக் கொடுக்கணும். பேட்டன்ட் கிடைச்சு மூணு வருஷம் ஆன பிறகும் இங்கே பயன்படுத்தலைன்னாலோ, மக்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கலைன்னாலோ, இன்னொருத்தர் கட்டாய உரிமம் கேட்கலாம். 2012-ல் பேயர் நிறுவனத்தோட புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ இப்படித்தான் உரிமம் வாங்குச்சு. மாசம் சுமார் 2.8 லட்சம் ரூபாய் ஆன மருந்து 8,880 ரூபாய்க்குக் கிடைச்சது.

இதையெல்லாம் தோழிகிட்ட சொன்னேன். "அப்போ நான் அந்த நாட்கோ மாதிரி கேட்கலாமா?"ன்னா. மூணு வருஷம் ஆகலையே, அதுவும் இல்லாம அதுக்குத் தொழிற்சாலையும் வக்கீலும் வேணும்னேன். சிரிச்சா. நாங்க ரெண்டு பேரும் அவளோட பழைய ஆஃபர் லெட்டரை எடுத்துப் பார்த்தோம். வேலையில் இருக்கும்போது கண்டுபிடிக்கிறது எல்லாம் நிறுவனத்துக்கேன்னு ஒரு பாராவுல இருந்தது. ப்ராஜெக்டை மூடினா உரிமத்தை அவளே கேட்டு வாங்கலாமாங்கிறதைப் பத்தி ஒரு வரியும் இல்லை. நீங்க ஆராய்ச்சி வேலைக்கோ ஸ்டார்ட்அப்புக்கோ சேரப்போறீங்கன்னா, கையெழுத்துக்கு முன்னாடி அந்தப் பாராவைப் படிங்க. அந்த வரியைக் கேட்டுப் பாருங்க. கொடுக்கலைன்னாலும் எதுல கையெழுத்துப் போடுறோம்னு தெரிஞ்சிருக்கும்.

எக்ஸான் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 2023 நவம்பரில் ஒரு அறிவிப்பு வந்தது. அமெரிக்காவோட ஆர்கன்சா மாநிலத்தில் நிலத்தடி உப்புநீரிலிருந்து லித்தியம் எடுக்கப்போறாங்களாம், மின்வாகனப் பேட்டரிக்காக. விட்டிங்ஹாமை வேலைக்கு எடுத்து 51 வருஷம் கழிச்சு, தங்கள் கூடத்துல பிறந்த தொழிலுக்கு மூலப்பொருள் விக்க வர்றாங்க.

தோழி இப்போ நிறுவனத்துக்கு ஒரு மெயில் எழுதிக்கிட்டிருக்கா. "நீங்க செய்யலைன்னா எனக்கு உரிமம் கொடுங்க"ன்னு. பதில் வந்ததும் அடுத்த எபிசோடில் சொல்றேன்.